ஒன்றரைக்கும் மூன்றரைக்கும் நடுவே

1

இந்தக் கதை என் வீட்டில் ப்யூஸ் போனதில் தொடங்கியது. நம்ப வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்விசிறி நின்றது. மீட்டர் பெட்டியைத் திறந்து வெள்ளைப் பீங்கான் கட்டையை உருவினேன். கம்பி கருகியிருந்தது. கட்டையைத் திருப்பிப் பார்த்தால், அடியில் 4 என்று ஓர் எண். எண்ணுக்குப் பக்கத்தில் மயிரிழைபோல ஒரு விரிசல்.

கடைக்காரரிடம் காட்டினேன். "விருத்தாசலத்துச் சரக்கு சார், நல்லாதான் இருக்கும், இது எப்படியோ வந்துடுச்சு" என்று சொல்லி வேறொன்று கொடுத்தார். சாதாரண மனிதனாக இருந்தால் புதுக் கட்டையை மாட்டிவிட்டு விசிறிக்கு அடியில் படுத்திருப்பான். எழுதுகிறவனிடம் விரிசலைக் காட்டக்கூடாது.

விருத்தாசலம் போனேன். ஜங்ஷனுக்கு எதிரே லாட்ஜில் அறை எடுத்து, செராமிக் கம்பெனிகள் இருக்கிற பக்கம் இரண்டு நாள் சுற்றினேன். நாலு பேரிடம் பேசினேன், பதினோரு கிளாஸ் டீ குடித்தேன். அங்கே கேட்டது பாதி, நானாகச் சேர்த்தது பாதி. எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள். கலந்த மண்ணை யாராலும் பிரிக்க முடியாது.

ஒன்றை மட்டும் இப்போதே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையில் ஒரு பெண் தினமும் மதியம் ஒன்றே முக்காலுக்கு வேலை செய்யும் இடத்தைவிட்டு எங்கோ போகிறாள். மூன்று பத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறாள். பெயர் அமுதவள்ளி. அவள் எங்கே போகிறாள் என்பது எனக்குத் தெரியும். அது வெளியே தெரிந்தால் அந்த நேரம் அவளிடம் இருக்காது, வேலையும் இருக்காது. சொல்வதா வேண்டாமா என்று எனக்குள் நடக்கிற சண்டையைத்தான் நீங்கள் கதை என்று வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

2

தொடக்கம் அமையவில்லை. மூன்று எழுதிப் பார்த்தேன்.

"மணிமுத்தாற்றுத் தண்ணீரில் உச்சிவெயில் தகதகத்துக்கொண்டிருந்த வேளையில்" — ஆற்றில் தண்ணீர் இல்லை. நான் போய்ப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.

"இணையத்தில் இயங்கும் வணிகத் தரவு மென்பொருள்களில், ஒரு நாளைக்கு இத்தனை முறைதான் தரவைப் புதுப்பிக்கலாம் என்ற உச்சவரம்பு" — இந்த வாக்கியம் முடிவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்தது. விஷயம் என்னவோ இதுதான். வேறு வழியில் வருகிறேன்.

"மோகனப்பிரியா கம்பெனி ஷெட்டுக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. ஆறு பெண்களும் சொல்லிவைத்தாற்போல முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்."

இது ஆகும். இங்கிருந்தே போவோம்.

மோகனப்பிரியாவுக்கு இருபத்தொன்பது வயது. புள்ளியியல் படித்துவிட்டுச் சென்னையில் நாலு வருடம் வேலை பார்த்தாள். இப்போது பெரியார் நகரில் தன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்துகொண்டு ஐந்தாறு கம்பெனிகளுக்கு டேஷ்போர்டு செய்து தருகிறாள். டேஷ்போர்டு என்றால், கம்பெனியில் நடப்பதை முதலாளியின் போனில் கலர் கலரான பட்டைகளாகக் காட்டுகிற பக்கம். அவளுடைய முதலாளிகளில் ஒருவர் அன்பரசன். இருப்பது சென்னையில், ப்யூஸ் கட்டை செய்கிற கம்பெனி மட்டும் விருத்தாசலத்தில்.

கம்பெனியில் ஆறு கை பிரஸ்கள், ஆறு பெண்கள். மண் தூளை அச்சில் கொட்டி அமுக்கினால் கட்டை வெளியே வரும். கட்டையின் அடியில் அந்தப் பிரஸ்ஸின் எண் பதிந்திருக்கும். ஒவ்வொரு பிரஸ்ஸிலும் மோகனப்பிரியா ஒரு சின்னப் பெட்டியை மாட்டியிருந்தாள். கட்டை வெளியே வரும்போதெல்லாம் பெட்டியில் ஒன்று கூடும். எந்த நேரத்தில் கூடியது என்று பெட்டிக்குத் தெரியாது, இதுவரை எத்தனை என்று மட்டும்தான் தெரியும். மறுநாள் காலை எட்டு மணிக்குப் பழையபடி பூஜ்யம்.

அந்த எண்களை இணையத்திலிருக்கிற மென்பொருள் எடுத்துக்கொண்டு போய் அன்பரசன் போனில் காட்டும். ஆனால் அது சும்மா சும்மா வந்து எடுக்காது. அவர்கள் எடுத்திருந்த திட்டத்தில் ஒரு நாளைக்கு எட்டு முறைதான். எட்டு ரெஃப்ரெஷ். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே யார் போனைத் திறந்தாலும் பழைய எண்தான் தெரியும். எந்த எட்டு நேரங்கள் என்று தேர்ந்தெடுப்பது மோகனப்பிரியாவின் வேலை. ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்து அவள் முடிவு செய்தது இது: காலை ஏழு, ஒன்பது, பத்தரை, பன்னிரண்டு, மதியம் ஒன்றரை, மூன்றரை, ஐந்து, ஆறரை.

பெட்டி மாட்டிய அன்று, மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் இருக்கும் ராஜாம்பாள் கேட்டாள். ராஜாம்பாள்தான் அந்த ஷெட்டின் வாய்.

"இது என்னாம்மா, எங்களுக்குத் தாயத்தா?"

"இல்லக்கா, இதுல இருக்கிற கணக்கு ஒரு நாளைக்கு எட்டு தடவ சாருக்குப் போவும்."

"எட்டு தடவையா? நம்ம ஊரு கோயில் பழமலைநாதருக்கே ஆறு காலம்தான்டியம்மா. நம்ம மொதலாளிக்கு எட்டு கால பூஜையா?"

ஷெட்டே சிரித்தது. அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர். 'பத்தரை பூஜை ஆவப்போவுது', 'பன்னெண்டு பூஜை முடிஞ்சுது, எந்திரி' என்று அங்கே நேரம் ஓடியது. அந்த எட்டு நேரங்களில் முதலாளி தங்களைப் பார்க்கிறார் என்றே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார் என்று தெரியும், ஆனாலும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். சன்னிதியில் நிற்கும்போது கை தானாகக் கூடுவதில்லையா, அப்படி.

[எண் போய்ச் சேருகிற நேரம் வேறு, அவர் போனைத் திறக்கிற நேரம் வேறு. மோகனப்பிரியா ஏன் இதைச் சொல்லி அவர்களைத் திருத்தவில்லை? இதற்கு நாலு காரணம் எழுதி நாலையும் அடித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு அது பிடித்திருந்தது. சென்னையில் அவள் செய்த வரைபடங்களை ஒருவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இங்கே அவள் குறித்த நேரத்துக்கு ஆறு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.]

3

ஒன்றரைக்கும் மூன்றரைக்கும் நடுவே இரண்டு மணி நேரம். எட்டு நேரங்களைப் பகல் முழுக்கப் பரப்பியதில் அவளுக்கு அங்கேதான் துணி போதாமல் போயிற்று. சாப்பிடும் நேரம்தானே என்று விட்டுவிட்டாள்.

அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்கு ஆசை. ஒன்றரை பூஜை முடிந்து டிபன் பாக்ஸ்களைக் கழுவிக் கவிழ்த்ததும் ஷெட் மெதுவாக இறங்கிப் போகும். காலையிலிருந்து காற்றில் மிதந்த வெள்ளை மண்தூள் அப்போதுதான் தரைக்கு வரும். பலகைகளில் காயும், இன்னும் சுடாத பச்சைக் கட்டைகள் வரிசை வரிசையாக மங்கலாகத் தெரியும். பெண்கள் காலிச் சாக்குகளை விரித்துக் கையைத் தலைக்கு வைத்துப் படுப்பார்கள். சேலம் போகிற பாசஞ்சர் ஜங்ஷனில் நின்று மூச்சு வாங்குவது அவ்வளவு தூரத்துக்குக் கேட்கும். யாரோ தூக்கத்தில் 'இந்தா வந்துட்டேன்' என்பார்கள். யாருக்குச் சொன்னது என்று எழுந்த பிறகு அவர்களுக்கே தெரியாது.

மோகனப்பிரியா ஒருநாள் பெட்டி ஒன்றைச் சரிபார்க்க வந்து, கால் வலிக்கிறதே என்று சுவரில் சாய்ந்தவள், அப்படியே உறங்கிப்போனாள். எண்கள் எல்லாம் பலகையில் காய்வதாகக் கனவு. அமுக்கினால் உள்ளே போகும் அளவுக்குப் பச்சையாக இருந்தன. ஏழு என்ற எண்ணை எடுத்தால் கையில் பிசைந்து மூன்றாக்கலாம். யாரும் கேட்கவில்லை, யாரும் பார்க்கவில்லை. அவள் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக ஒரு மதியம் இருந்ததில்லை.

கண் விழித்தபோது கன்னமெல்லாம் வெள்ளை. எதிரே நாலாம் நம்பர் பிரஸ்ஸின் முக்காலி காலியாக இருந்தது. தரைத் தூளில் கேட் வரைக்கும் செருப்புத் தடம்.

"அமுதவள்ளி அக்கா எங்க?"

படுத்தவாக்கிலேயே ராஜாம்பாள் சொன்னாள். "போவா, வருவா. அவ கணக்க நாங்க ஒரு கை பாத்துக்குவம். நீ தூங்கு."

அமுதவள்ளிக்கு முப்பத்துநாலு வயது இருக்கும். கம்மாபுரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அதிகம் பேசமாட்டாள். எங்கே போகிறாள் என்று அவள் சொன்னதில்லை, மற்றவர்கள் கேட்டதில்லை. இரண்டரைக்கு மற்றவர்கள் எழுந்து அவரவர் பிரஸ்ஸை ஓட்டத் தொடங்கினாலும் நாலாம் நம்பர் பேசாமல் கிடக்கும். அவள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு பேர் மாறி மாறி வந்து அதில் மளமளவென்று அமுக்கத் தொடங்குவார்கள். மூன்றரை பூஜைக்கு நாலாம் நம்பரின் கணக்கு மற்றவற்றோடு தோளுக்குத் தோள் நிற்கும்.

அமுதவள்ளி கேட்டைத் தாண்டி, இடது பக்கம் திரும்பி, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு

இல்லை. இந்த வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன்.

4

அமுதவள்ளி விஷயத்தில் எனக்குக் கொஞ்ச நாள் புத்தி கெட்டுப்போயிருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவள் போவதற்கு நானாக மூன்று காரணங்கள் எழுதினேன். ஒன்றில் பால்குடி மறக்காத குழந்தை. அதைப் படித்த என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொன்றில் சுரங்கத்துக்குப் போன நிலம், கையில் மனுவோடு ஆபீஸ் வாசலில் தினமும் நிற்கிறாள். அதைப் படித்த நண்பர் "வெயிட்டா இருக்கு" என்றார். மூன்றாவதில் ஓர் ஆண். அதை நான் யாரிடமும் காட்டவில்லை.

அப்புறம் மறுபடி விருத்தாசலம் போயிருந்தபோது லாட்ஜில் ஒரு மதியம் தூங்கிப்போனேன். கனவில் நான் பேனாவைத் திறந்தால் ஆறு பெண்களும் நிமிர்ந்து உட்காருகிறார்கள், மூடினால் படுத்துக்கொள்கிறார்கள். விளையாட்டாகத் திறந்து திறந்து மூடினேன். ராஜாம்பாள் எழுந்து வந்து, "வேலையத்துப் போய் எங்க உசுர எடுக்கறியா?" என்றாள். வியர்த்துப்போய் எழுந்தேன்.

அப்போது புரிந்தது. இத்தனை நாளும் நான் அமுதவள்ளிக்கு லீவு லெட்டர் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். காரணம் நல்லதாக இருந்தால் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள், இல்லாவிட்டால் முகத்தைச் சுளிப்பீர்கள். அவள் என்னிடம் லெட்டர் கேட்கவே இல்லை. மூன்றையும் கிழித்துப் போட்டேன்.*

* உண்மையான காரணம் இந்த மூன்றும் இல்லை. யூகிக்க வேண்டாம்.

5

திங்கட்கிழமை அன்பரசன் போன் செய்தார். வில்லன் யாராவது வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அன்பரசன் நல்ல மனிதர். ஆறு பெண்களின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"பிரியா, நாலாம் நம்பர் கட்டை நெறைய வெடிச்சு வருதும்மா. சூளையிலேர்ந்து எடுத்தா மயிரு மாதிரி கோடு. மத்த அஞ்சும் நல்லா இருக்கு. அச்சுல கோளாறா, ஆளுல கோளாறா?"

"பாக்கறேன் சார்."

"ஆளுன்னா மாத்திடலாம். இல்லன்னா ஒண்ணு செய். பெரிய திட்டத்துக்குப் போனா நாளைக்கு நாப்பத்தெட்டு ரெஃப்ரெஷ் கெடைக்கும்னு சொன்னியே, அதுக்கு மாத்திடு. அரை மணிக்கு ஒரு தடவ பாத்தா எப்போ தப்பு நடக்குதுன்னு புடிச்சிடலாம். வெள்ளிக்கெழம ரெண்டு மணிக்குக் கூப்புடறேன், யோசிச்சுச் சொல்லு."

மோகனப்பிரியா போனைக் கீழே வைத்தாள். ஆளை மாற்றினால் அமுதவள்ளிக்கு வேலை போகும். நாற்பத்தெட்டு போட்டால், மற்றவர்கள் தூங்கி எழுந்த பிறகும் மூன்று மணிக்கு நாலாம் நம்பரின் பட்டை மட்டும் அசையாமல் நிற்பது ஊருக்கே தெரியும். அப்போதும் வேலை போகும்.

புதன்கிழமை மூன்று மணிக்கு ஷெட்டுக்குப் போய், ராஜாம்பாள் நாலாம் நம்பரை ஓட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். கட்டை அமுக்குவதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் மெதுவாக ஓர் அமுக்கு, அதில் மண்ணுக்குள் இருக்கும் காற்று வெளியே போகும். கையைத் தளர்த்திவிட்டு, அப்புறம்தான் முழு பலத்தோடு இரண்டாவது அமுக்கு. ராஜாம்பாள் ஒரே அமுக்காகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னாக்கா, ரெண்டு அமுக்கு இல்லியா?"

"நேரம் எங்க இருக்குது? இன்னும் அர மணியில மூணர பூஜ. நாலாம் நம்பரு மட்டும் பின்னாடி நின்னா அவரு கேக்கமாட்டாரா?"

காற்று உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. பச்சையாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. சூளையில் வேகும்போது வெளியே வர வழி தேடி, கட்டையைக் கீறிவிட்டுப் போகிறது. என் வீட்டு மீட்டர் பெட்டிக்கு வந்த விரிசல் இதுதான். அமுதவள்ளிக்காக யாரோ அவசரமாகச் செய்த அன்பு அது. இப்படி எழுதுவது கொஞ்சம் அதிகம் என்று தோன்றுகிறது. ஆனாலும் அடிக்க மனம் வரவில்லை.

6

அன்று வீட்டுக்கு வந்த மோகனப்பிரியா, பெட்டி மாட்டிய இந்த ஏழு மாதத்தில் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத ஒரு பட்டியலைத் திறந்தாள். டேஷ்போர்டை யார் எப்போது பார்த்தார்கள் என்பதும் பதிவாகும். மூன்றரை மணியை அன்பரசன் எவ்வளவு கவனமாகப் பார்க்கிறார், அதைக் கொஞ்சம் தள்ளிவைக்க முடியுமா என்று அறியத்தான் திறந்தாள்.

காலை ஏழு பத்து. அன்பரசன். இரண்டு நிமிடம்.

மறுநாளும் காலை ஏழு பத்து. அதற்கு மறுநாளும். ஏழு மாதமும் அப்படியே. அவர் காலையில் காபி குடித்துக்கொண்டே முந்தின நாளின் மொத்தக் கணக்கைப் பார்த்துவிட்டுப் போனை வைத்திருக்கிறார், அவ்வளவுதான். ஒன்பது மணிக்கு வந்த எண்ணை யாரும் பார்க்கவில்லை. பன்னிரண்டு மணி எண்ணை யாரும் பார்க்கவில்லை. மூன்றரை மணிக்குத் தோளோடு தோள் நின்ற ஆறு பட்டைகளை இந்த உலகத்தில் ஓர் ஆள்கூடப் பார்க்கவில்லை.

மோகனப்பிரியா அழுதாள். எனக்கு அவள்மேல் கோபம் இருந்தது, இந்த இடத்தில் போய்விட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் அவசரப்பட்டிருக்கமாட்டார்கள், ஒரு கட்டையும் வெடித்திருக்காது. ஆறு பேர் நிமிர்ந்து உட்காருகிற அழகைப் பார்ப்பதற்காக அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் வைத்திருந்தோமே என்று அவள் வெட்கப்பட்டாள்.

வியாழக்கிழமை பன்னிரண்டு பூஜைக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஷெட்டுக்குப் போனாள். முந்தானைகள் சரியாகிக்கொண்டிருந்தன.

"அக்கா, யாரும் பாக்கறதில்ல" என்றாள். "அவரு காலைல ஏழு பத்துக்கு ஒரு தடவதான் பாக்கறாரு. அதுவும் முந்தா நேத்து... இல்ல, முந்தின நாள் மொத்தம். நீங்க நெனச்சிக்கிட்டிருக்கற மாதிரி இல்ல. எனக்குத்தான் தெரியாம போச்சு. நீங்க தப்பா நெனச்சிக்கிட்டீங்கன்னு தெரியும், அதயும் நான் சொல்லல."

பிரஸ்கள் ஒவ்வொன்றாக நின்றன. ராஜாம்பாள் முதலில் சிரித்தாள்.

"அப்ப ஏழு மாசமா யாருக்குடி சீவி சிங்காரிச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தம்?"

கொஞ்ச நேரம் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ராஜாம்பாளின் முகம் மாறியது. "ஏம்மா, படிச்ச பொண்ணுதானே நீ? இத அன்னிக்கே சொன்னா வாயில இருக்கற முத்து உதுந்துடுமா? கை வுட்டுப்போவுது எங்களுக்கு, தோளு வுட்டுப்போவுது."

மோகனப்பிரியா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வெடித்த கட்டை ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, ஒரே அமுக்கில் என்ன ஆகிறது என்று காட்டினாள். கட்டை கைமாறி கைமாறி அமுதவள்ளியிடம் போனது. அவள் அதைத் திருப்பி, அடியில் இருந்த எண்ணைப் பெருவிரலால் தடவினாள்.

"என்னாலதான் இது. நான் இனிமே போவலக்கா" என்றாள்.

அந்த ஷெட்டில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசி மோகனப்பிரியா கேட்டதில்லை.

"யாருடி உன்ன போவ வேணாம்னது?" என்றாள் ராஜாம்பாள். "நீ போவாம இங்க ஒக்காந்துக்கிட்டு மொறைச்சிக்கிட்டிருந்தா நாங்க எப்புடித் தூங்கறது? நாங்க எந்திரிச்சதுலேர்ந்தே ஆளுக்குப் பத்து பத்தா ஒன்னுதுல போட்டுட்டு வரம். ரெண்டு அமுக்கு போட்டே வரம். சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும். போ, போய் ஒன் வேலயப் பாரு."

7

அன்று மதியம் ஒன்றே முக்காலுக்கு அமுதவள்ளி கிளம்பினாள். மோகனப்பிரியாவும் அவள் பின்னால் போனாள். நாளை அன்பரசனுக்குப் பதில் சொல்ல வேண்டும், எதைக் காப்பாற்றப் போகிறோம் என்று தெரியவேண்டாமா என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நானும் போனேன். என்னிடம் அந்தச் சாக்குக்கூட இல்லை.

[இங்கே பதினேழு வரிகள் இருந்தன.]

விட்டுவைக்கக்கூடியதை மட்டும் விட்டுவைக்கிறேன். மோகனப்பிரியா பார்த்தது பதறவேண்டிய விஷயம் இல்லை. கண்ணீர்விட வேண்டிய விஷயமும் இல்லை. எந்த லீவு லெட்டரிலும் அதை எழுத முடியாது. மோகனப்பிரியா நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது அமுதவள்ளி திரும்பிவிட்டாள். கோபப்படவில்லை. ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

"மூணு பத்துக்கு வந்துருவேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஆபீசரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். மோகனப்பிரியாவுக்கு உடம்பு கூசியது. "போயிட்டு வரேன்க்கா" என்று முனகிவிட்டு, வந்த வழியே வேகமாக நடந்தாள். பாதி வழியில் ஒரு வேப்பமர நிழலில் நின்று கரும்புச் சாறு வாங்கிக் குடித்தாள். வெயிலில் ரோடு தண்ணீர்போல நெளிந்தது. தான் இப்போது பார்த்ததைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

8

வெள்ளிக்கிழமை, மணி இரண்டு. மோகனப்பிரியா ஷெட்டு வாசலில், உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே ஐந்து பேர் தூங்குகிறார்கள். மண்தூள் மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கிறது. நாலாம் நம்பரின் முக்காலி காலி. போன் அடிக்கிறது.

"சொல்லும்மா."

"கண்டுபுடிச்சிட்டேன் சார். அச்சுல கோளாறு இல்ல. அவசரத்துல ஒரே அமுக்கா போட்டிருக்காங்க, காத்து வெளிய போவல. நேத்துலேர்ந்து ரெண்டு அமுக்குதான் போடறாங்க. இனிமே வெடிக்காது."

"எதுக்கு அவசரம்?"

"என்னாலதான் சார்." எல்லாவற்றையும் சொன்னாள். எட்டு கால பூஜை, மூன்றரை மணி, நாலாம் நம்பர் பின்தங்கக்கூடாது என்று மற்றவர்கள் பட்ட பாடு. "நீங்க பாக்கறீங்கன்னு நெனச்சிக்கிட்டாங்க. நீங்க காலைல ஏழு பத்துக்கு மட்டும்தான் பாக்கறீங்க."



"நான் எப்ப பாக்கறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அதுவும் பதிவாவுது சார்."

அன்பரசனுக்கு அது பிடிக்கவில்லை. காலையில் லுங்கியோடு காபி டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருக்கிற தன்னை யாரோ ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டதுபோல இருந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நாப்பத்தெட்டு வேணாம் சார்" என்றாள் அவள். "எட்டும் வேணாம். சாயங்காலம் ஆறரைக்கு ஒண்ணு போதும். அன்னிக்கு மொத்தம் எவ்ளோ, சூளையிலேர்ந்து வந்ததுல எவ்ளோ வெடிச்சிருக்குது. ஏழு பத்துக்கு உங்களுக்கு வேண்டியது அவ்ளோதான்."

"சரி" என்றார் அன்பரசன். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். "ஒண்ணே வச்சுக்க. ஆளயும் மாத்த வேணாம்."

இங்கே முடித்திருக்கலாம். முடித்துப் பார்த்தேன். 'ஐந்து பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்' என்று கடைசி வரிகூட எழுதிவிட்டேன். ஆனால் அன்பரசன் முட்டாள் இல்லை. போனை வைக்கப்போனவர் நிறுத்தினார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. நாலாம் நம்பர மத்தவங்க ஏன் ஓட்டணும்? அந்த நேரத்துல அமுதவள்ளி எங்க போறாங்க?"

மோகனப்பிரியா காலியாக இருந்த முக்காலியைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"கோவத்துல கேக்கல. வேலயெல்லாம் எடுக்கமாட்டேன், சத்தியமா. சும்மா, தெரிஞ்சிக்கத்தான்."

இதற்கு மேல் இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் சொல்லிவிடுகிறாள். அன்பரசன் "அட, அவ்ளோதானா, போவட்டும்மா" என்கிறார். மறுநாளிலிருந்து அது அவர் கொடுத்த நேரமாகிவிடுகிறது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது எல்லோர் முன்னாலும் அமுதவள்ளியிடம் அன்பாக விசாரிக்கிறார். அவள் "ஆமாங்க சார்" என்கிறாள். அதற்கப்புறம் அவள் போவதில்லை. இன்னொன்றில் மோகனப்பிரியா சொல்ல மறுக்கிறாள். அன்பரசன் சரி என்று போனை வைக்கிறார். ஆனால் தெரியாத அந்த விஷயம் அவர் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து நாற்பத்தெட்டு வந்துவிடுகிறது. அவர் நல்லவர்தான். நல்லவர்களுக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருக்கும்.

இரண்டையும் நான் வைத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் இரண்டிலும் அவர் என்ன சொல்கிறார் என்று நானே முடிவு செய்கிறேன், அது நியாயம் இல்லை. முதல் பக்கத்திலிருந்து அமுதவள்ளி எங்கே போகிறாள் என்று தெரிந்துகொள்ளக் காத்திருப்பது அன்பரசன் மட்டும் இல்லை. நீங்களும்தான். கோபத்தில் இல்லை, கெட்ட எண்ணத்தில் இல்லை. சும்மா, தெரிந்துகொள்ளத்தான். கிழித்த மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்குமோ என்று நடுவில் நீங்கள் யோசித்தது எனக்குத் தெரியும்.

அதனால் அவருடைய நாற்காலியில் உங்களை உட்காரவைக்கிறேன். போன் உங்கள் காதில் இருக்கிறது. "சொல்லு" என்று நீங்கள் சொன்னால் மோகனப்பிரியா சொல்லிவிடுவாள், அவளால் முடியாவிட்டால் நான் அந்தப் பதினேழு வரிகளை எடுத்துக் கொடுப்பேன். எழுதுகிறவனுக்குக் கேட்டவர்களை மறுக்கத் தெரியாது. "சரி, விடும்மா" என்று சொன்னால் அந்த வரிகளை நான் எரித்துவிடுகிறேன்.

மணி இரண்டு ஏழு. ஷெட்டுக்குள் யாரோ தூக்கத்தில் புரண்டு படுக்கிறார்கள். ஊரில் எங்கேயோ ஓர் இடத்தில், யாரும் பார்க்காமல், அமுதவள்ளி இருக்கிறாள். மோகனப்பிரியா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, நீங்கள் பேசுவதற்காகக் காத்திருக்கிறாள்.